வடிகட்டிய வரலாறு – 17: சவ்வுக்குள் ஒரு சி.டி. ஸ்கேன்

சென்ற இதழில் கலிபோர்னியாவின் கோலிங்கா வரை வந்துவிட்டோம். 1965இல் அந்தச் சிற்றூரின் உவர்நீரை ஆர்.ஓ. முறையில் குடிநீராக்கிய நிலையத்தைப் பற்றிப் பேசினோம். அதன் உயிர்நாடியான சவ்வு பிறந்த கதையில் ஒரு சங்கதியை மட்டும் வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தேன். அதற்கு இந்த இதழில்தான் இடம்.

1950களின் கடைசி. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்ற அமெரிக்கரும், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய ஸ்ரீனிவாச சௌரிராஜனும் உப்புநீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷ்லைக்கர் அண்டு ஷூல் என்ற வடிதாள் கம்பெனி விற்ற செல்லுலோஸ் அசிடேட் படலத்தை வாங்கி, நீருக்குள் வைத்துச் சூடாக்கினார்கள். துளைகள் சுருங்கும், உப்பு நிற்கும் என்பது கணக்கு. அழுத்தக் கலத்தில் பொருத்திப் பார்த்தால் சில வேளை உப்பு நின்றது, சில வேளை நிற்கவில்லை. படலமும் அதே, அழுத்தமும் அதே. கடைசியில் பிடிபட்ட காரணம் விசித்திரமானது. படலத்தின் ஒரு குறிப்பிட்ட பக்கம் உப்புநீரைப் பார்த்திருந்தால்தான் அது வேலை செய்தது. திருப்பி வைத்தால் உப்பு ஓடியது.

இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்று தெரிந்ததும் இருவரும் தாங்களே சவ்வு வார்க்கத் தொடங்கினார்கள். அசிட்டோனில் கரைத்த செல்லுலோஸ் அசிடேட்டுடன் நீரும் மெக்னீசியம் பெர்குளோரேட்டும் சேர்த்து, கண்ணாடியில் மெல்லப் பரப்பி, சற்றே உலரவிட்டு, பனிநீரில் அமிழ்த்தி, பிறகு வெந்நீரில் பதப்படுத்தினார்கள். புளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் 1959இல் வெளியிட்ட சவ்வும் உப்பை அருமையாக நிறுத்தியது. ஆனால் அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். புதிய சவ்வில் குறைந்தது பத்து மடங்கு வேகமாக வந்தது. 1960 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1964 மே மாதம் கிடைத்தது.

செய்முறை கைக்கு வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் ஊகமாகவே இருந்தது. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்க வேண்டும் என்று அனுமானிக்கலாம். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தடிமன், இறுக்கம் படிப்படியாகக் குறைகிறதா, சட்டென்று முடிந்துவிடுகிறதா? தெரியாது. ஒரு தொழிலே தான் விற்கும் பொருளின் உட்புறத்தை அறியாமல் தொடங்கியது என்பதை வியப்பாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. மனிதர் தயிர் தோய்த்ததும் பாக்டீரியாவைப் பார்த்துவிட்டு அல்லவே.

1964இல் சான் டியேகோவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் ராபர்ட் ரைலியும் அவருடைய சகாக்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தச் சவ்வின் குறுக்குவெட்டைப் பார்த்தார்கள். சுமார் 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சவ்வில், உப்பை நிறுத்தும் இறுக்கமான தோல் மேலே கால் மைக்ரோமீட்டர் அளவுக்கு மட்டுமே இருந்தது. மற்றதெல்லாம் அதைத் தாங்கும் பஞ்சு போன்ற உடம்பு. லோபும் சௌரிராஜனும் ஏன் படலத்தைத் திருப்பித் திருப்பி வைத்துத் தவித்தார்கள் என்பதற்கு ஒரே படத்தில் விடை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சவ்வுக்காரர்களின் கண். இன்றும் எந்த ஆய்வுக் கட்டுரையைப் புரட்டினாலும் அந்தச் சாம்பல்நிறக் குறுக்குவெட்டுப் படம் இருக்கும். அந்தக் கண்ணுக்கு நிபந்தனைகள் அதிகம். சவ்வை உலர்த்த வேண்டும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஒடிக்க வேண்டும். தங்கம் போன்ற உலோகத்தை மேலே பூச வேண்டும். வெற்றிடத்தில் வைக்க வேண்டும். நீரில் ஊறி, அழுத்தத்தில் நின்று வேலை செய்யும் ஒரு பொருளை, காய்ந்து, ஒடிந்து, பூச்சு பூசிய நிலையில்தான் பார்க்க முடியும். அப்படியும் கிடைப்பது ஒடிந்த முகப்பின் தோற்றம் மட்டுமே. இந்தத் துளை உள்ளே போய் அந்தத் துளையோடு சேர்கிறதா, பாதி வழியில் முட்டி நிற்கிறதா என்று அதில் தெரியாது.

துளைகளை அளக்க வேறு வழிகளும் இருந்தன. நனைந்த சவ்வின் ஒரு பக்கம் காற்றழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், மறுபக்கம் முதல் குமிழி எப்போது வருகிறது என்று பார்ப்பது ஒன்று. அழுத்தத்தில் பாதரசத்தை ஏற்றுவது இன்னொன்று. இரண்டுமே துளைகளை நேரான குழாய்கள் என்று வைத்துக்கொண்டு ஓர் எண்ணைத் தரும். நேரான குழாய்களே கொண்ட சவ்வு உலகில் இல்லாமல் இல்லை. 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் பிளைஷர், பிரைஸ், வாக்கர் மூவரும் அணுத்துகள்கள் படலத்தைத் துளைத்துச் சென்ற தடங்களை வேதிப்பொருளால் அரித்து அப்படி ஒன்றைச் செய்தார்கள். ஆனால் சந்தையில் பெரும்பான்மை அது அல்ல.

இங்கே மருந்துத் தொழிற்சாலைகளில் புழங்கும் ஒரு பெயரைப் பார்க்க வேண்டும். கிருமி நீக்கத்துக்கு '0.2 மைக்ரான் ஃபில்டர்' என்பார்கள். அந்த எண் யாரோ துளையை அளந்து எழுதியது என்றே பலரும் நினைக்கிறார்கள். 1960களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஃபிரான்சஸ் போமன், கிருமி நீக்கத்துக்குப் போதும் என்று நம்பப்பட்ட 0.45 மைக்ரான் ஃபில்டரைத் தாண்டி ஒரு சின்ன பாக்டீரியா வந்துவிடுவதைக் கண்டார். இன்று அதன் பெயர் பிரெவுண்டிமோனாஸ் டிமினுட்டா. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வீதம் அந்தப் பாக்டீரியாவை ஏவி, ஒன்றுகூடத் தாண்டவில்லை என்றால்தான் கிருமி நீக்கும் தகுதி. ஆக 0.2 என்பது பரீட்சையில் தேறியதற்கான சான்றிதழ் எண். சவ்வின் உள்ளே அதைவிட அகன்ற வெளிகள் ஏராளம். பாக்டீரியா சிக்குவது வளைந்து நெளிந்த வழியின் ஆழத்தில். வடிகட்டி என்றதும் நாம் நினைக்கும் சல்லடை இங்கே பாதி உண்மைதான். அந்த வழியை, அதன் வளைவு நெளிவுகளோடு, முப்பரிமாணத்தில் யாராவது காட்டினால் ஒழிய மீதிப் பாதி விளங்காது.

உடைக்காமல் உள்ளே பார்ப்பதற்கென்றே பேரெடுத்த கதிர் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைவசம் இருந்ததே, அது எங்கே போனது?

விடை முதல் படத்திலேயே இருக்கிறது. வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிரைக் கண்ட ரான்ட்ஜென், டிசம்பர் 22 அன்று மனைவி ஆனா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் கறுப்பாக விழுந்தன. சதை ஒரு மங்கல் நிழலாக நின்றது. எக்ஸ் கதிரை ஒரு பொருள் எவ்வளவு விழுங்கும் என்பது அதன் அணு எண்ணைப் பொறுத்தது. மும்மடிக்கும் நான்மடிக்கும் இடைப்பட்ட வேகத்தில் அது ஏறும். எலும்பின் கால்சியத்துக்கு அணு எண் 20, சதையிலும் சவ்விலும் உள்ள கார்பனுக்கு 6. மும்மடி என்று வைத்தாலே அணுவுக்கு அணு முப்பத்தேழு மடங்கு வித்தியாசம். பாலிமர் சவ்வு கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று லேசான அணுக்களாலேயே ஆனது. எக்ஸ் கதிரின் கண்ணுக்கு அது முழுக்க முழுக்கச் சதை. நீரில் ஊறியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நீரும் சவ்வும் ஏறக்குறைய ஒரே நிழலைத் தரும்.

கருவிகள் என்னவோ வளர்ந்துகொண்டே போயின. 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைத் துண்டு துண்டாகக் காட்டியது. 1982இல் லண்டனில் எலியட்டும் டோவரும் அதே உத்தியைச் சிறிதாக்கி, நுண் சி.டி. செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு குட்டி வெப்பமண்டல நத்தை. அதன் ஓடு கால்சியம் கார்பனேட். கால்சியம் இருந்தால்தான் படம் என்ற பழைய விதி அங்கும் மாறவில்லை. பீங்கான் சவ்வு செய்தவர்கள் இதனால் பிழைத்தார்கள், அலுமினா நன்றாகவே நிழல் தரும். பாலிமர்காரர்கள் காத்திருந்தார்கள்.

அவர்களுக்கு வழி திறந்தது வேறொரு பக்கத்திலிருந்து. 1947 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் ஸ்கெனெக்டாடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் சின்க்ரோட்ரான் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுழற்றும் அந்த எந்திரத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் பளீரென்று ஒளி தெரிந்தது. வளைந்து ஓடும் எலக்ட்ரான் ஆற்றலை ஒளியாக உதறிவிடுகிறது. துகள் இயற்பியலாளர்களுக்கு அது ஆற்றல் நட்டம். மற்றவர்களுக்கு, எந்திரம் பெரிதாகப் பெரிதாக, அதுவே உலகின் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் விளக்காயிற்று. பிரான்சின் கிரெனோபில் நகரில் 844 மீட்டர் சுற்றளவுள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான் நிலையம் 1994இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது.

பிரகாசம் மட்டும் போதாது. சதையின் வழியே போகும் எக்ஸ் கதிர் அதிகம் விழுங்கப்படுவதில்லை, ஆனால் அதன் அலை சற்றே முன்பின் நகர்கிறது. லேசான அணுக்களில் இந்த நகர்வின் விளைவு விழுங்கலின் விளைவைவிட ஆயிரம் மடங்கு பெரிதாக இருக்கலாம். சாதாரண ஒளியில் இதைப் பயன்படுத்தி உயிருள்ள செல்லைக் காட்டியதற்காகத்தான் ஃபிரிட்ஸ் செர்னிகேவுக்கு 1953இல் நோபல் கிடைத்தது. எக்ஸ் கதிரில் அதைச் செய்ய, அலைகள் ஒழுங்காக அணிவகுத்து வர வேண்டும். கிரெனோபிலில் அது வந்தது. 1995இல் ஸ்னிகிரெவும் கூட்டாளிகளும் காட்டிய வழி நம்ப முடியாத அளவுக்கு எளிது. படம் பிடிக்கும் கேமராவைப் பொருளிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். நகர்ந்த அலைகள் ஒன்றோடொன்று கலந்து, பொருளின் ஒவ்வொரு விளிம்பிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை வரைந்துவிடும். கால்சியம் இல்லாமலே படம். அங்குள்ள ஐ.டி.19 என்ற கதிர்த்தடத்தின் நீளம் 145 மீட்டர். அவ்வளவு தூரம் பயணித்து வருவதால்தான் அலைகள் அப்படி ஒழுங்காக வருகின்றன.

சவ்வுக்காரர்களில் இந்தக் கதவைத் தட்டிய ஒரு கூட்டம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே சாக்கடை நீரையே சவ்வுகளால் சுத்திகரித்து 'நியூவாட்டர்' என்ற பெயரில் 2003இல் புழக்கத்துக்கு விட்டார்கள். சவ்வு அடைத்துக்கொண்டால் அந்த நாட்டுக்கு அது வெறும் ஆய்வுக்கூடத் தொல்லை அல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சின்க்ரோட்ரான், கிரெனோபிலோடு பார்த்தால் பொம்மை. சுற்றளவு 10.8 மீட்டர். ஆனாலும் டோனி ஃபேன் உள்ளிட்ட சவ்வுப் பொறியாளர்களும் அந்த ஒளிக்கூடத்தின் இயற்பியலாளர்களும் சேர்ந்து 2005இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வடிகட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே, எதையும் அறுக்காமல், அழுக்கு வெளியே எங்கே படிகிறது, உள்ளே எங்கே படிகிறது என்று எக்ஸ் கதிரில் பார்த்தார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஆலைகளில் நடப்பதை அறிய வேண்டும். ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொண்டால் உருளையைக் கழற்றி, அறுத்து விரித்து, சுரண்டிப் பார்ப்பார்கள். தொழிலில் அதற்குப் பெயரே 'ஆட்டாப்சி'. பிணத்தை அறுத்து நோயறியும் வேலைதான். எது முதலில் படிந்தது, எது பிறகு வந்தது என்ற வரிசை அறுக்கும்போதே கலைந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம் என்று காட்டியதால் சிங்கப்பூர் வேலையை நான் இந்த வரலாற்றின் ஒரு திருப்பமாக வைக்கிறேன். படங்களின் துல்லியம் பிறகு வந்தவற்றோடு ஒப்பிட முடியாதது, போகட்டும்.

துல்லியம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. துலூஸ் நகரின் பால் சபாத்தியே பல்கலைக்கழகத்தில் ரெமிஜி, மெய்ரெலெஸ் இருவரும் சின்க்ரோட்ரான் நுண் சி.டி. மூலம் வடிகட்டிச் சவ்வின் துளை வடிவத்தையும் முப்பரிமாணக் கட்டமைப்பையும் அளக்க முடியுமா என்று பார்த்து, 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். முறை இதுதான். சவ்வின் ஒரு சிறு துணுக்கைச் சுழல்மேடையில் நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, நூற்றுக்கணக்கிலோ ஆயிரத்துக்கு மேலோ படங்கள் எடுக்க வேண்டும். கணினி அவற்றைக் கோத்து ஒரு கனசதுரக் குவியலாக்கும். ஒவ்வொரு சிறு கனமும் சாம்பலின் ஏதோ ஓர் அடர்த்தியில் இருக்கும். எந்த அடர்த்திக்கு மேலே பாலிமர், எதற்குக் கீழே வெற்றிடம் என்று ஒரு கோடு போட வேண்டும். கோட்டைச் சற்று நகர்த்தினால் துளையளவு மாறும். ஆய்வறிக்கைகளில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் ஆய்வாளரின் நேர்மை தெரியும் என்பது என் கட்சி.

கோடு சரியாக விழுந்துவிட்டால் அதன் பிறகு கிடைப்பது புதையல். வெளி எவ்வளவு, ஒவ்வொரு வழியும் எத்தனை வளைவு வளைகிறது, எத்தனை வழிகள் முட்டுச்சந்தில் முடிகின்றன என்று எண்ணலாம். அந்தக் குவியலுக்குள்ளேயே கணினியில் நீரை ஓடவிட்டு, நிஜச் சவ்வில் ஓடிய அளவோடு ஒப்பிடலாம். குமிழிப் பரிசோதனை தந்த ஒற்றை எண் இருந்த இடத்தில் ஒரு முழு வரைபடம் வந்து உட்கார்ந்தது.

சவ்வைச் சுற்றியுள்ளவற்றையும் இந்தக் கண் விட்டுவைக்கவில்லை. ஆர்.ஓ. உருளையில் சவ்வுத் தாள்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். நீர் ஓட இடம்விடும் வலை அது, தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் இழைகளைச் சீரான உருளைகள் என்று வைத்துக்கொண்டே பொறியாளர்கள் அழுத்த இழப்பைக் கணக்கிட்டு வந்தார்கள். 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உண்மையான வலைகளை சி.டி. எடுத்து, அந்த நிஜ வடிவத்தைக் கொண்டே கணக்கிட்டார்கள். இழைகள் முடிச்சில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருந்தன. பாடநூலில் வரைந்த வலையும் கடையில் வாங்கிய வலையும் வேறுவேறு. கனடாவின் சாஸ்கட்டூன் சின்க்ரோட்ரானில் அமீரா அப்தெல்ரசூலின் குழு சிறுநீரக டயாலிசிஸ் சவ்வுகளை எடுத்துக்கொண்டது. ரத்தப் புரதங்கள் எந்த அடுக்கில் எவ்வளவு ஒட்டுகின்றன என்று பார்த்தது. நோயாளியின் உடம்போடு நேரே தொடர்புள்ள கேள்வி என்பதால் அதைத் தனி இதழில் எழுத வேண்டும்.

இனி இந்தக் கண்ணின் எல்லை. கேமராவில் பக்கத்துக்கு 2048 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வைத்தால் பார்க்கும் அகலம் இரண்டு மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்கு மைக்ரோமீட்டர் வைத்தால் இருபதே மைக்ரோமீட்டர். நுணுகிப் பார்க்கப் பார்க்கப் பார்வை குறுகும். இதைவிடப் பெரிய தடை கதிர்ச்சேதம். நுணுக்கம் பத்து மடங்கு கூட வேண்டுமானால் பொருள் மேல் பாய்ச்ச வேண்டிய கதிர்வீச்சு சுமார் பத்தாயிரம் மடங்கு ஏறும். பாலிமரின் சங்கிலிகள் அதைத் தாங்காது. படம் எடுத்து முடிப்பதற்குள் பொருளே மாறிவிடும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் 2024இல் 4 நானோமீட்டர் நுணுக்கத்தில் எக்ஸ் கதிர் முப்பரிமாணப் படம் எடுத்துவிட்டார்கள் என்பது சாதனைதான். ஆனால் அந்தப் படத்துக்கு உட்கார்ந்தது கணினிச் சில்லு. சிலிக்கானும் உலோகமும் கதிரைத் தாங்கும், பாலிமர் அப்படியல்ல.

லோப், சௌரிராஜன் காலத்துச் செல்லுலோஸ் அசிடேட்டை ஓரங்கட்டியது ஜான் கடோட் 1970களின் கடைசியில் உருவாக்கிய பாலிஅமைடு சவ்வு. இன்று வீட்டு ஆர்.ஓ. பெட்டியிலும், சென்னைக்கு நாளொன்றுக்குத் தலா பத்துக் கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டிய மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளிலும் இருப்பது அந்தக் குடும்பம். அதன் தோல் சுமார் 0.1 முதல் 0.2 மைக்ரோமீட்டர்தான். உப்பு நிற்கும் இடம் அதுவே. அந்தத் தோலின் உள்ளடர்த்தியை முப்பரிமாணத்தில் காட்டி 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு எலக்ட்ரான் நுண்ணோக்கியைத்தான் நம்பியது. என்ரிக் கோமஸ், மனிஷ் குமார் முதலியோரின் குழு அது. அந்தப் படங்களுக்குள் நீர் ஓடும் கணக்கைப் போட்டவர்களில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாஸ்கர் கணபதிசுப்பிரமணியன் ஒருவர். மெல்லிய தோலில்தான் நீர் வேகமாக ஓடும் என்ற பழைய நம்பிக்கையை அது அசைத்தது. அவர்கள் ஒப்பிட்டவற்றில் மிகத் தடித்த சவ்வுதான் நீரை அதிகம் விட்டது. தடிமனைவிட, அடர்த்தி சீராக இருப்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. எக்ஸ் கதிர் நமக்குச் சவ்வின் உடம்பைக் கொடுத்தது, அதில் அழுக்கு குடியேறும் விதத்தைக் கொடுத்தது, சுற்றியுள்ள வலையைக் கொடுத்தது. தோலை இன்னும் கொடுக்கவில்லை. ரைலி 1964இல் பார்த்த அதே தோலில்தான் இன்றும் எலக்ட்ரானுக்கு முதலிடம்.

கடைசியாக, வேதிப் பொறியியலும் பாலிமர் அறிவியலும் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கெல்லாம் கிரெனோபில்தான் போக வேண்டும் என்றில்லை. இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இருக்கிறது. சுற்றளவு 172.5 மீட்டர். அதில் எக்ஸ் கதிர்ப் படமெடுப்பதற்கென்றே ஒரு கதிர்த்தடம் உண்டு. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திட்டம் எழுதி அனுப்பி நேரம் கேட்கலாம். நம் ஆலைகளில் அடைத்துக் கழித்துப் போடும் சவ்வுகளுக்குக் குறைவில்லை. ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.